பாலைத் திரிபும் தாவர வழிமுறை வளர்ச்சியும்

முல்லையும் குறிஞ்சியும் வேனிலிற் பாலையாகத் திரியும் என்று சிலப்பதிகாரக் காடுகாண் காதை கூறும். இதனை இக்காலச் சூழலியலார் கூறும் தாவர வழிமுறை வளர்ச்சிக்குப் பழஞ்சான்றாகக் கொள்ளலாமோ எனின், அது பொருந்துமாறு இல்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

வழிமுறை வளர்ச்சியாவது, ஓரிடத்தில் ஒரு தாவரக் கூட்டம் பிறிதொன்றிற்கு இடந்தந்து அகல்வதாம். 1899-இல் கௌல்ஸ் என்பார் அமெரிக்க நாட்டு மிச்சிகன் ஏரிக்கரை மணற்குன்றுகளில் இதனை ஆராய்ந்தார். கரையை அடுத்த புதுமணலிற் புல் வேரூன்றி மணலைப் பிணிக்கும், மட்கு சேரும், ஏரியினின்று விலகிய பழங்குன்றுகளில் மரம் செறியும். முன்வந்த செடி நிலத்தைத் திருத்திப் பின்வருவதற்கு வழிசெய்தல் இதன்கண் தலையாய கூறாகும். இவ்வளர்ச்சி தட்பவெப்பத்திற்கேற்ற உச்சநிலையில் முடியும் என்றார் கிளெமெண்ட்ஸ் (1916). செடியினம் ஒவ்வொன்றும் தன்தன் இயல்பிற்கேற்பவே இடம்பெறும் என்று கிளீசன் (1926) மறுத்தார். முடிவு பற்றி இருவரும் மாறுபடினும், மாற்றம் ஆண்டு பலவாக நிகழ்வது என்பதில் ஐயமில்லை.

இனிப் பாலையை நோக்குவோம். தொல்காப்பியர் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்தார். ஏனை நான்கிற்குப்போல நிலம் வகுத்திலர். இளங்கோவடிகளும் கதிரவன் வெம்மையையே திரிபிற்குக் காரணமாக்கினார். ஆண்டு நிலத்தை மாற்றியது செடியன்று, ஞாயிறு. வேனில் நீங்கி மழை பெய்யின் பழைய முல்லையே மீளும். புதியதொரு தாவரக் கூட்டம் தோன்றுவதில்லை. ஆகலின் அது மீளுந்தன்மைத்தாகிய பருவத் திரிபேயாம்.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். வேனிலிற் பிரிந்தான் கார்காலத்து மீள்வான் என்னும் நம்பிக்கையின் மேலன்றோ தலைவியின் இருத்தல் நிற்கின்றது? பாலையை வழிமுறை வளர்ச்சியின் ஒரு படியாக்கின், முல்லை மீளாது, அந்நம்பிக்கைக்கும் இடமில்லையாம். காடுகாண் காதையின் அவலமும் இதனாலேயே மிகுகின்றது. மழை வரின் அக்காடு மீளும். அதனைக் கடந்து மதுரை புக்க கோவலன் மீண்டிலன்.

நம் முன்னோர் நிலத்தின் திரிபை நுணுகி நோக்கினர் என்பது உண்மை. அவர் நோக்கியதனை அவ்வாறே காண்டல் ஆய்வாளர் கடன்; அவர் கூறாததனை ஏற்றியுரைத்தல் அவர்க்குப் பெருமை ஆகாது.