கழுவிப் பூட்டும் கை

மலேசியாவின் செமினியில் என் மொரிஸ் மைனர் கார் இன்றும் ஓடுகிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அதன் பானட்டைத் திறந்து பார்த்த தம்பி ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர், எயார் கிளீனரைக் காட்டிச் சொன்னார்: "சிலோன்காரங்க பழசைக் கழுவிக் கழுவியே ஓட்டுவாங்க ஐயா. எங்க ஊர்ல மாத்திப் போட்டுட்டுப் போயிட்டே இருப்போம்." என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அந்தப் பேச்சை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை.

என் காரில் இருப்பது எண்ணெய்த் தொட்டி வகைக் கிளீனர். அது கழுவுவதற்கென்றே செய்யப்பட்டது. உள்ளே வரும் காற்று எண்ணெய்க்கு மேலே சட்டென்று திரும்பும்போது கனத்த தூசி எண்ணெயில் விழும். மிச்சத்தைக் கம்பி வலை பிடிக்கும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் என் சொந்தக்காரர் நடத்தும் கராச்சில் இந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தொட்டியைச் சரிக்காமல் தூக்குவார்கள். கார்புரேட்டர் வாயைச் சீலைத் துண்டால் மூடுவார்கள். பழைய எண்ணெயை ஊற்றி, அடிச்சேற்றை வழித்து, வலையை மண்ணெண்ணெயில் அலசி வடியவிடுவார்கள். பிறகு கோடு வரை புது எண்ணெய். கோட்டைத் தாண்டினால் எண்ணெய் எஞ்சினுக்குள் இழுபட்டுப் புகை கக்கும். குறைந்தால் தூசி உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும்.

தமிழ்நாட்டில் கராச் என்பது ஒர்க்‌ஷாப் அல்லது பட்டறை; மண்ணெண்ணெய் பலருக்குக் கிருஷ்ணாயில்; சீலைத் துண்டு இருக்கும் இடத்தில் திருப்பூர் பனியன் வேஸ்ட். அங்கே நான் பட்டறைகளைப் பார்த்ததெல்லாம் ரயிலுக்குக் காத்திருந்த நேரங்களில்தான். ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். மொரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்த அம்பாசடர், உத்தர்பாராவில் 2014 வரை தயாரானது. சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனால் பழைய காருக்கு வேண்டிய சாமான்கள் குவிந்து கிடக்கும். கைக்கு எட்டுகிற தூரத்தில் சாமான் இருக்கும்போது மாற்றிப் போடுவது குற்றமில்லை. பழைய அம்பாசடர்களின் எண்ணெய்த் தொட்டிகளைக் கழுவிய நல்ல கைகள் அங்கும் உண்டு.

ஆனால் யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் வரவில்லை. ஆஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்களை மக்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. அதனால் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த கொஞ்சப் பெற்றோலைக் கார்புரேட்டர் வாயில் விட்டுக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் ஏற்கும். பெற்றோல் விடுவதற்காகக் கிளீனரைக் கழற்றுவதும் பூட்டுவதும் அங்கே அன்றாடக் காரியமாகிவிட்டது. வலை அடைத்தால் கலவை கனத்துக் கரும்புகை வரும், பிளக் கருகும் என்பதை அவர்கள் கையாலேயே அறிந்தார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் மணமக்களைக் கோயிலுக்கும் கொண்டுபோன கார்கள் அவை. அந்த அறிவைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்.

இலங்கையின் தெற்கிலும் பழைய காருக்கு இதே மரியாதைதான். மொரிஸ் மைனருக்கு வேண்டிய உடற்பாகங்களை இலங்கைத் தொழிலாளர்கள் செய்ய, அவை கார் பிறந்த இங்கிலாந்துக்கே போயிருக்கின்றன.

செமினிக்கு எது பொருந்தும்? கல்லுடைப்பு லாரிகளின் தூசி ஒரு பக்கம், ஓயாத ஈரம் மறுபக்கம். தொட்டி எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அது பால்போல் வெளுத்துவிடும். திறந்து பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது. புதுக் காகித பில்டர் வாங்கிப் பூட்டுகிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் இங்கே பழைய கார் வாங்கும் இளைஞர்கள், இந்திய வம்சமோ இலங்கை வம்சமோ, முதலில் கழுவக் கற்றுக்கொள்ளட்டும். சாமான் கிடைக்காத நாளில் காரை ஓட வைப்பது அந்தப் பழக்கம்தான். அதை எங்கள் ஆட்கள் செய்து காட்டியிருக்கிறார்கள்.