விழுந்த பட்டம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், பட்டம் இழுக்கப் பலகையில் போகும் கைட் சர்ஃபிங் முதன்முறையாகப் பதக்கப் போட்டியானது. மார்சேய் கடலில் நடந்த பந்தயங்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் ஆஸ்திரியாவின் வாலன்டின் போன்டுஸும் தங்கம் வென்றார்கள். இருவரையும் இழுத்துப் போனது ஃபாயில் பட்டம். (பலகைக்கு அடியில் தண்ணீருக்குள் போகும் ஃபாயில் வேறு, நான் சொல்வது மேலே பறக்கும் துணியை.) அதன்பின் ராமேஸ்வரத்திலும் இலங்கையின் கற்பிட்டியிலும் பழகிவிட்டு வருகிறவர்களிடம் ஒரே பல்லவிதான்: ஒலிம்பிக்கிலேயே அதைத்தான் விடுகிறார்கள், இனி முன்விளிம்பில் காற்றூதிய குழாய் வைத்த பட்டம் எதற்கு? முப்பந்தலில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, இத்தனை காற்றை வைத்துக்கொண்டு கன்னியாகுமரியில் ஏன் இந்த விளையாட்டு இல்லை என்றும் கேட்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் வேர் ஒன்றுதான். பட்டத்தைப் பறக்கும்போது மட்டும் எடைபோடுகிறார்கள்.

ஃபாயிலின் பெருமையை மறுப்பதற்கில்லை. இரண்டு அடுக்குத் துணி, நடுவில் அறைகள், முன்விளிம்பில் காற்று நுழையும் வாய்கள், நுழைந்த காற்று திரும்பாமல் இருக்க வால்வுகள். பாராகிளைடர் குடும்பம். பம்பு வேண்டாம், மடித்தால் பைக்குள் அடங்கிவிடும். மெல்லிய காற்றிலும் எழும்பும். காற்றை எதிர்த்து அது ஏறும் கோணத்தில் மற்றவை ஏறமாட்டா. மார்சேயில் காற்று படுத்துவிட்டதால் பந்தயங்கள் தள்ளிப்போன நாட்களை நினைத்தால், 20 சதுர மீட்டருக்கு மேல் விரியும் ஃபாயில் அங்கே ஏன் தேவைப்பட்டது என்பது புரியும். பந்தயத்துக்கு அதுதான் சரி. குழாய் வைத்த சி வடிவப் பட்டமும் தன் இடத்தில் நல்லதுதான்: கயிறுகள் நான்கும் நேராக மூலைகளில் கட்டியிருப்பதால் கையின் அசைவு அப்படியே மேலே போய்ச் சேரும், வித்தை காட்டுகிறவர்கள் அதை விடமாட்டார்கள். காற்று கூடினால் இழுவையைக் குறைக்க அதில் வழி சொற்பம். ஆனி ஆடியில் நம் கரையில் அதை விடலாம் என்கிறவரோடு எனக்குப் பேச்சில்லை.

பிரான்ஸில் பிரிட்டானிக் கரையைச் சேர்ந்த புருனோ, டொமினிக் லெகேன்யூ சகோதரர்கள் 1984 நவம்பரில் காற்றூதிய குழாய்ப் பட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். பட்டம் இழுக்கப் பலகையில் போகலாம் என்பது அப்போதே பழைய யோசனை. 1977இலேயே நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். சகோதரர்கள் மோதிப் பார்த்த சிக்கல் வேறு: பட்டமும் தண்ணீரில், ஆளும் தண்ணீரில் என்றால் மறுபடி அதை எழுப்புவது எப்படி? குழாய் மிதக்கும், வளைவு காற்றைப் பிடிக்கும், பட்டம் தானே எழும் என்பது அவர்கள் கண்ட விடை. 1997இல் அது விபிகா என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2005இல் புருனோவின் வில் வடிவப் பட்டம் வந்தது. முன்விளிம்பில் கிளைக்கயிறுகள், உள்வாங்கிய பின்விளிம்பு. கயிறுகள் சேரும் கைப்பட்டியைத் தள்ளிவிட்டால் இழுவை கிட்டத்தட்ட அற்றுப்போகும். இன்று பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கிற டெல்டா, ஹைப்ரிட் எல்லாம் இந்த வழியில் வந்தவை. விழுந்தது எழ வேண்டும் என்ற கவலையில் பிறந்த விளையாட்டு இது. இப்போதைய ஒப்பீடுகளில் அந்தக் கவலை கடைசி வரியில் ஒதுங்கிக் கிடக்கிறது. முதல் பத்து வரியும் வேகம், தூக்கு, திரும்பும் சுறுசுறுப்பு.

இனி நம் கரைக்கு வருவோம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கன்னியாகுமரிக்கு மேற்கே மணக்குடி, சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் எங்கும் அலை கரையிலேயே மடிந்து விழும். கச்சான் தொடங்கும் முன்னரே, 2024 மே 6 அன்று, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துப் போய் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அந்தத் தண்ணீரில் ஒரு ஃபாயில் விழட்டும். அதன் வயிற்றிலிருந்து இறங்குகிற மெல்லிய கிளைக்கயிறுகளை எண்ணி முடியாது. முதல் அலை பட்டத்தை உருட்டும்போது அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். காற்று நுழைய வைத்த வாய்களில் தண்ணீர் நுழையும். உள்ளே போனதை வெளியே விடாத அதே வால்வு இப்போது தண்ணீரைக் காவல் காக்கும். ஃபாயிலை எழுப்பும் முறை பின்கயிறுகளை இழுத்துப் பின்னோக்கிப் பறக்கவிடுவது. அதற்குச் சீரான காற்று வேண்டும், அடுத்த அலைக்கு முன் கொஞ்சம் அவகாசம் வேண்டும். சங்குத்துறையில் ஆடி மாதம் அலை அவகாசம் கொடுக்காது.

குழாய்ப் பட்டம் அங்கே விழுந்தால் முன்விளிம்பு தண்ணீருக்கு மேல் நிற்கும். ஒரு பக்கக் கயிற்றை இழுத்துப் பிடித்தால் பட்டம் உருண்டு ஓரத்துக்கு வரும், நுனிக்கு அடியில் காற்று புகும், எழும். எழவில்லையா, கயிறுகளைப் பட்டியில் சுற்றிக்கொண்டே போய்ப் பட்டத்தின் மேல் படுத்துக்கொள்ளலாம்; ஓர் ஆளைத் தாங்கும் மிதவை அது. பாய்போல் பிடித்தால் கரைக்கும் இழுக்கும். மடிகிற அலையில் இதுவும் கிழியும், தூண்டில் வளைவின் கல்லில் உரசினால் குழாய் வெடிக்கும் என்பது உண்மை. கிழிந்த பட்டத்தோடு கரை சேர்ந்தவருக்கு அது செலவு மட்டுமே.

கிழக்குப் பக்கம் இன்னும் ஏமாற்றுக் கடல். சின்னமுட்டம், லீபுரம், வட்டக்கோட்டைப் பக்கம் கச்சான் காலத்தில் தண்ணீர் அடங்கிக் கிடக்கும். பார்க்கிறவருக்குக் கற்பிட்டி நினைவு வரும். ஆனால் இந்தக் கிழக்குக் கரையில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. அதுவும் நேராக வராமல், மருந்துவாழ் மலையிலும் தென்னந்தோப்புகளிலும் மோதி, விட்டு விட்டு வீசுகிறது. காற்றின் இழுவை வேகத்தின் இருமடியில் கூடும்: மணிக்கு 28 கிலோமீட்டரில் வீசியது 40 ஆனால் இழுவை இரட்டிப்பு. சட்டென்று காற்று விட்டால் ஃபாயிலின் முன்பக்கம் மடிந்து சரியும். அடுத்த வீச்சு வரும்போது அது சுருண்ட துணி. ஃபாயில் தரப்பு இங்கேதான் நெஞ்சை நிமிர்த்தும்: காற்றை எதிர்த்துக் கரைக்குத் திரும்ப அதைவிட நல்ல பட்டம் உண்டா? இல்லைதான், பறந்துகொண்டிருக்கும் வரை. விழுந்த பிறகு, கரைக்குப் போகும் அதே வழி அடைபட்டுவிடுகிறது, நீவாடு என்னும் கடல் நீரோட்டமும் காற்றும் சேர்ந்து வெளியே கொண்டுபோகின்றன. குழாய்ப் பட்டத்தோடும் அந்தப் பக்கம் பின்னால் படகு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது.

கைதேர்ந்தவன் பட்டத்தை விழவிடமாட்டான் என்பது அடுத்த வாதம். மார்சேயில் பந்தயத்தைச் சுற்றிலும் மீட்புப் படகுகள் நின்றன. விழுந்தவரைத் தூக்க ஆள் இருந்தது. நம் மேற்குக் கரையில் காற்று உச்சத்தில் இருக்கும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். வெளியே இருப்பது ஃபைபர் வள்ளக்காரர்கள், அவர்களும் கடல் பார்த்துத்தான் இறங்குவார்கள். விளையாடப் போனவரைத் தேடி எடுக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, திறமையைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்?

திறமைக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் கட்டுமரத்தைக் கட்டியவர்கள் அது மறியும் என்று எண்ணியே கட்டினார்கள். குழிந்த வயிறு கிடையாது, தண்ணீர் நிரம்ப இடம் கிடையாது. மறிந்தால் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். கட்டு அவிழ்ந்தாலும் தனி மரம் மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். வேகமும் சுமையும் வேண்டியவர்கள் வள்ளத்துக்குப் போனார்கள். ஃபாயிலைக் கொண்டாடுகிறவர்கள் இந்த ஊர்க்காரர்களாக இருந்தும் இதைப் பார்க்காமல் போனது எனக்கு ஆச்சரியம்தான். இணையத்தில் பார்க்கிற காற்றை இங்கே வீசுகிற காற்றைவிட அதிகம் நம்புகிறார்கள் போலும்.

ஏவுகிற இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கயிறு மட்டும் 20 மீட்டருக்கு மேல். நம் கரையில் பாதி ஊர்களில் அலைத் தடுப்புச் சுவர். மிச்ச மணலில் வள்ளமும் வலையும், பின்னால் வீடும் மின்கம்பியும். எந்தப் பட்டத்துக்கும் அது இடமில்லை. சொத்தவிளை போல அகன்ற மணல் உள்ள சில இடங்கள்தான் மிஞ்சும். அங்கேயும் மூன்று குறுக்குக் குழாய் வைத்த, காற்றுக்குச் சற்றே சிறிய, 7 அல்லது 9 சதுர மீட்டர் டெல்டாதான் என் கணக்கில் வரும்.

ஃபாயில் வாங்கிவிட்டவர்கள் அதைக் கற்பிட்டிக் களப்புக்கே கொண்டுபோகட்டும். அங்கே பல இடங்களில் தண்ணீர் இடுப்பளவு. பட்டம் விழுந்தால் எழுந்து நின்று, தண்ணீரை வடித்து, கயிற்றுச் சிக்கலை நிதானமாகப் பிரித்துவிட்டு மறுபடி ஏவலாம்.