பற்படகம் யாது?

பழைய மருத்துவ நூற்பெயர் ஒன்றற்கு இலத்தீன் பெயரொன்றை எதிரே எழுதிவிட்டால் பொருள் துணியப்பட்டதெனச் சிலர் கொள்வர். அது பொருந்தாது. சுரக் குடிநீரிற் சேரும் பற்படகத்தையே நோக்குக. அப்பெயரால் வடநாட்டார் பியூமாரியாவையும், தமிழகத்தார் மொல்லுகோ செர்வியானாவையும், மலையாளத்தார் ஓல்டன்லாண்டியா கோரிம்போசாவையும் கொள்வர். மூன்றும் வெவ்வேறு குடும்பத்தன. நூல்களோ பெரும்பாலும் சுவையும் குணமும் கூறுமேயன்றி இலையமைப்பைக் கூறா. செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய ஈழத்து நூல்களைப் பயில்வோர்க்கும் இவ்விடர் உண்டு.

மரமஞ்சளின் நிலை வேறு. வடநூலாரின் தாருஹரித்திரை இமயச்சாரலில் வளரும் முட்செடி. ஈழத்து மரமஞ்சள் மழைமிக்க காடுகளிற் படருங் கொடி. இரண்டிலும் பெர்பெரின் என்னும் மஞ்சட்பொருள் உண்டாதலின் முன்னோர் கொண்ட மாற்று தக்கதே. ஆயினும் மாற்று வேறு, ஒருமை வேறு. உன்னிச்சை போன்ற வறள்நிலத்து ஊர்களில் அது துண்டுகளாக வரும் கடைச்சரக்கு; இலையும் பூவும் காண்பதற்கில்லை.

இது வெறுஞ் சொல்வழக்கன்று. அதிவிடயமும் நாவியும் ஒரே பேரினத்தன. முன்னது குழந்தைகட்கும் ஈயும் மருந்து, பின்னது கொடுநஞ்சு. பேரினப் பெயரளவில் நிற்பவரிடம் நோயாளியை எங்ஙனம் ஒப்புவிப்பது?

சித்தர் கூறும் 64 பாடாணங்களுட் பாதி பிறவி, பாதி வைப்பு. வைப்புச் சரக்குக்குக் கனிப்பொருட் பெயர் தேடல் வீண். செய்முறையே அதன் இலக்கணம்.

மட்டக்களப்பு நாட்டு வைத்தியர் பற்படகமெனப் பறிப்பதைப் பூவும் வேரும் அமைய உலர்த்தி, ஊரும் மாதமும் குறித்து, பேராதனை உலர்தாவரத் தொகுதியோடு ஒப்பிடல் வேண்டும். நம் மாணவர் அதனை உன்னிச்சைக் குளத்துநீர் பாயும் வயல்வரப்பிலேயே தொடங்கலாம்.