ஏழாவது ‘ரைட்’

ருமட்டாய்டு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒரு மாத்திரை தருவார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் போடவேண்டும். அந்த ‘வாரம் ஒருமுறை’ எங்கேயோ கைமாறும்போது ‘தினம் ஒருமுறை’ ஆகிவிட்டால், எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். போயும் இருக்கிறது.

தப்பு யாருடையது? எழுதின டாக்டரா, எடுத்துக்கொடுத்த பார்மசிஸ்ட்டா, வார்டில் விழுங்கவைத்த நர்ஸா? மூவரில் ஒருத்தர், ‘ஒரு நிமிஷம் சார்...’ என்று சொல்லியிருந்தால் போதும்.

இந்த ‘ஒரு நிமிஷம் சார்’ஐக் கல்லூரியிலேயே சொல்லித்தர முடியும் என்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்புப் பாடத்திட்ட நூல். 2009-ல் மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டும் என்று வந்தது; இரண்டே வருடத்தில் பல் மருத்துவம், நர்சிங், மிட்வைஃபரி, பார்மசி என்று எல்லோரையும் சேர்த்துக்கொண்டது. மொத்தம் பதினோரு பாடங்கள். கடைசிப் பாடம், மருந்துப் பாதுகாப்பு.

வாத்தியார்களுக்கான புத்தகம்தான். ஆனால், உங்களுக்கும் எனக்கும் புரிகிறது! 1.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும்; .1 வேண்டாம், 0.1 என்று போடு... இந்த அளவுக்கு இறங்கிவந்து சொல்கிறார்கள். சரியான மருந்து, சரியான வழி, சரியான நேரம், சரியான அளவு, சரியான ஆள்... நர்சிங் மாணவிகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் ஐந்து ‘ரைட்’களும் உண்டு. ஆறாவது, சரியான பதிவு. ஏழாவதுதான் விசேஷம். மருந்து உத்தரவைக் கேள்வி கேட்க ஊழியருக்கும் நோயாளிக்கும் அவரைக் கவனித்துக்கொள்பவருக்கும் உள்ள ‘ரைட்’. இங்கே மட்டும் ‘உரிமை’ என்று அர்த்தம். நல்ல சிலேடை!

எப்படிக் கேட்பது? அதற்கு நான்காவது பாடம். முதல் தடவை காதில் விழாவிட்டால் இரண்டாம் தடவையும் சொல். ‘கவலையாக இருக்கிறது’ என்று ஆரம்பி. ‘மனசு ஒப்பவில்லை’ என்று சொல். அதற்கும் மசியவில்லையா, ‘இது பாதுகாப்பு விஷயம்’ என்று அழுத்து.

பிரமாதம். ஆனால், எனக்கும் புத்தகத்துக்கும் சண்டை இங்கேதான். ஐந்து துறைக்கும் ஒரே பாடத்தைத் தந்தவர்கள், ஐவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தே தீரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. தனித்தனிக் கட்டடத்தில் தனித்தனியே நடத்திவிட்டு, ‘போர்ஷன் முடிந்தது’ என்று கையைத் தட்டிக்கொள்ளலாம். ‘டாக்டர், எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்பதை ஒரு நர்சிங் மாணவி இன்னொரு நர்சிங் மாணவியிடம் சொல்லிப் பழகி என்ன பிரயோஜனம்? இத்தனைக்கும் இதே நிறுவனம் 2010-ல் வெளியிட்ட ஓர் ஆவணத்தில், மாணவர்கள் ஒருவரைப் பற்றி, ஒருவரிடமிருந்து, ஒருவரோடு சேர்ந்து கற்பதே கூட்டுக்கல்வி என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

சேர்ந்து படிப்பதற்கு என்ன அவசியம் என்பவர்களுக்கு பிரிட்டன் கணக்கு ஒன்று. அங்கே 2009-ல் வந்த ஆய்வில் 1,24,260 மருந்து உத்தரவுகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 8.9 பிழை. கத்துக்குட்டி டாக்டர்கள் மட்டுமல்ல... சீனியர் கன்சல்டன்ட்களும் 5.9! ஆனால், பெரும்பாலானவை நோயாளியிடம் போகும் முன்பே பிடிபட்டுவிட்டன. பிடித்ததில் பெரும் பங்கு பார்மசிஸ்ட்களுக்கு.

பி.காம் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். பில்லை பாஸ் பண்ணுகிறவர் ஒருவர், பணம் கொடுக்கிறவர் இன்னொருவர். ஆனால், மேனேஜர் நீட்டும் வவுச்சரைத் திருப்பிக்கொடுக்கும் தைரியம் கேஷியருக்கு இருந்தால்தான் அந்த ஏற்பாட்டுக்கே மரியாதை. அந்தத் தைரியத்தைத் தனி வகுப்பில் போதிக்க முடியாது.

டைம்டேபிள் ஒத்துவராது, அத்தனை பேருக்கு ஹால் கிடையாது என்பார்கள். ஹால் எதற்கு? தினம் ஒரு மெத்தோட்ரெக்ஸேட் என்று எழுதிய கேஸ்ஷீட் ஒன்று, சுற்றி மருத்துவ மாணவர் ஒருவர், பார்மசி ஒருவர், நர்சிங் ஒருவர். யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்று ஆசிரியர் பார்க்கட்டும். மூவருக்கும் சேர்த்து ஒரே மார்க் போடட்டும். அடுத்த பதிப்பு என்று ஒன்று வந்தால், இந்த ஒரு பயிற்சியைக் கட்டாயம் என்று போட்டுவிடலாம்.