கொலம்பியாவின் பட்டியலும் நம் பட்டியலும்

ஏப்ரல் 14 அன்று எங்கள் காலனி முகப்பில் இளைஞர்கள் ஒரு பேனர் கட்டியிருந்தார்கள். கோட்டு போட்ட அம்பேத்கர். கீழே, கொலம்பியா பல்கலைக்கழகத்தால் உலகின் முதல் அறிவாளி என்று அறிவிக்கப்பட்டவர் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பக்கத்து வீட்டுக் கெழவி என்னைத் திருப்பிக் கேட்டாள்: "ஏம்பா, அம்மாந்தூரம் படிக்கப் போனாரே, அங்க அவருக்குச் சோறு யாரு போட்டா? ஊட்ல பொண்டாட்டி புள்ளைங்கள யாரு பாத்துக்கினா?"

பேனரில் பதில் இல்லை.

தோழர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பேனரில் இருப்பது உண்மையல்ல. 1754-இல் தொடங்கிய கொலம்பியா, 2004-இல் தன் 250-ஆம் ஆண்டைக் கொண்டாடியபோது, காலத்தை முந்தி நடந்த தன்னுடைய ஆட்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் அம்பேத்கர் பெயர் இருக்கிறது. அவ்வளவுதான். அது தரவரிசை அல்ல. முதலிடம், இரண்டாமிடம் என்கிற பேச்சே அங்கே கிடையாது. நாமாக ஏணி செய்து அதன் உச்சியில் அவரை உட்கார வைத்துவிட்டோம். படிநிலையை உடைக்கப் புறப்பட்ட மனிதருக்கு நாம் செய்கிற மரியாதையா இது?

நமக்குப் பட்டியல் என்றாலே வேறு ஞாபகம். 1936-இல் வெள்ளைக்காரன் ஆணை போட்டுப் பட்டியல் சாதிகள் என்று எழுதினான். அந்தப் பட்டியலில் மகர் சாதியும் உண்டு. இரண்டு பட்டியலிலும் இடம்பெற்ற ஆள் அவர். ஒன்றுக்கு வெட்கப்பட்டு இன்னொன்றை நெற்றியில் ஒட்டிக்கொள்ளச் சொல்கிறதா நம் படிப்பு?

புகழ்பெற்ற பட்டதாரிகளின் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். பெயர், பட்டம், துறை, சாதனை. ஆளுக்கு ஒரு வரி. பல்கலைக்கழகம் விதைத்தது, உலகம் அறுத்தது என்பதுதான் அதன் கதை. பட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும் நடந்தது எதுவும் அந்த வரிக்குள் வராது.

அம்பேத்கர் 1913-இல் நியூயார்க் போனது பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில், மாதம் 11.5 பவுண்டு. பள்ளியில் சாக்கு விரித்துத் தனியே உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அங்கே எல்லோரோடும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1915-இல் எம்.ஏ. 1916 மே மாதம் கோல்டன்வைசரின் மானிடவியல் வகுப்பில், சாதியை உயிரோடு வைத்திருப்பது அகமணம்தான் என்று கட்டுரை வாசித்தார். பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது என்பதை 25 வயதில் சொல்லிவிட்டார். என் வாசிப்பில் அவருடைய கொலம்பியா சாதனை இதுதான். பேனர்காரர்கள் இதைத் தொடுவதே இல்லை.

1917-இல் வேலைக்காக பரோடா வந்தார். எம்.ஏ. பட்டம் கையில் இருந்தும் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சி என்று சொல்லித் தங்கினார். தெரிந்ததும் தடியோடு வந்து விரட்டினார்கள். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார். டாக்டர் பட்டம் கொலம்பியாவிலிருந்து முறையாக வந்தது 1927-இல்.

கொலம்பியா பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கறுப்பின மக்களின் கதையும் இதே மாதிரிதான். பால் ராப்சன் 1923-இல் அங்கே சட்டம் முடித்தார். சேர்ந்த அலுவலகத்தில் வெள்ளைச் சுருக்கெழுத்தாளர் ஒருத்தி கறுப்பன் சொல்லி எழுத மாட்டேன் என்றதும் வெளியே வந்துவிட்டார். பாடகராக, நடிகராக உலகம் சுற்றியவரின் பாஸ்போர்ட்டை 1950-இல் அமெரிக்க அரசு பறித்தது. திரும்பக் கிடைக்க 1958 ஆயிற்று. ஜோரா நீல் ஹர்ஸ்டன் கொலம்பியாவின் பெண்கள் கல்லூரியான பர்னார்டில் 1928-இல் பட்டம் வாங்கியவர். அப்போது அங்கிருந்த ஒரே கறுப்பு மாணவி. பிரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் கற்றுக்கொண்டு சொந்த ஜனங்களின் கதைகளைச் சேகரித்தார், நாவல்கள் எழுதினார். 1950-இல் அடுத்தவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தார். 1960-இல் அரசுக் காப்பகத்தில் செத்தபோது கல்லறைக்குக் கல்கூட இல்லை. 1973-இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புதர்க்காட்டில் தேடிப் போய் ஒரு கல் நட்டார். பட்டியல் அவரை மானிடவியலாளர், நாவலாசிரியர் என்று சொல்லும். வேலைக்காரி என்று சொல்லாது.

கெழவி கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். புள்ளைங்களை ரமாபாய் பார்த்துக்கொண்டாள். ஐந்து பெற்று நான்கைப் பறிகொடுத்தாள். 1935-இல் அவளும் போய்விட்டாள். இதைச் சொன்னதும் கெழவி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ படத்தையும் போட வேணாமா?" என்றாள்.

பேனர் கட்டிய பையனிடம் கேட்டேன், அடுத்த வருஷம் முதல் அறிவாளி வரியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரமாபாயைப் போடலாமா என்று. "அந்த வரிக்குத்தாண்ணே ஜனம் நின்னு பாக்குது" என்றான். பிறகு, "அந்தம்மா போட்டோ நல்லதா ஒன்னு இருந்தா குடுங்க" என்றான். தேடிக்கொண்டிருக்கிறேன்.