செயல்திறன் மதிப்பீட்டில் பெற்றோர்: தகவல் தருநரா, ஆக்குநரா?

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் செயல்திறனை அளக்கும் கருவிகள் பலவற்றில் பெற்றோர் விடையளிப்போராக மட்டுமே இடம்பெறுகின்றனர். எவற்றை வினவ வேண்டும் என்பதை வல்லுநரே முடிவு செய்கின்றனர். இப்பிரிவினை குழந்தைக்குரிய கல்வித் திட்டத்தின் எல்லையைச் சுருக்கிவிடுகிறது.

பி. ஜெயச்சந்திரன், வி. விமலா ஆகியோர் சென்னையில் உருவாக்கிய எம்.டி.பி.எஸ். எனும் கருவி, அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கான இந்திய முன்னோடிகளுள் ஒன்றாகும். 18 செயற்களங்களில் 360 கூறுகள் இதில் அமைந்துள்ளன. குறைகளைப் பட்டியலிடாது, கண்ணால் காணத்தக்க செயல்களை எளிமையிலிருந்து கடினம் நோக்கி நிரல்படுத்தியமை இதன் சிறப்பு. ஆயினும் ஒவ்வொரு கூறும் ‘செய்கிறது’, ‘செய்யவில்லை’ என்னும் இரு நிலைகளிலேயே மதிப்பிடப்படுகிறது. சோற்றைப் பிசைந்து உண்ணுதல் போன்றதொரு கூறில், தாய் பிசைந்து வைத்ததைத் தானே எடுத்து உண்ணும் குழந்தையும் முழுதும் ஊட்டிவிடப்படும் குழந்தையும் ஒரே குறியீட்டைப் பெறக்கூடும்.

1992-இல் அமெரிக்காவில் வெளிவந்த பி.இ.டி.ஐ. கருவி, பராமரிப்பவர் தரும் உதவியின் அளவையும் தனி அளவுகோலால் பதிவு செய்கிறது. அவ்வளவை நாள்தோறும் உணர்பவர் பெற்றோரே. உலக சுகாதார நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டு வகைப்பாடும், சீரான சூழலில் வெளிப்படும் ஆற்றலையும் வாழும் சூழலில் நிகழும் செயற்பாட்டையும் வேறுபடுத்துகிறது. மதிப்பீட்டு அறையில் புலப்படுவது பெரிதும் முன்னது. வீட்டிலும் தெருவிலும் பெற்றோர் காண்பது பின்னது.

பெற்றோர் பாசத்தால் மிகைப்படுத்துவர், அச்சத்தால் குறைத்துரைப்பர் என்னும் மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் ஆசிரியர் பதிவும் பெற்றோர் பதிவும் முரண்படுமிடத்தில் ஒன்றைப் பிழையெனத் தள்ளுதல் பயன்தராது. பள்ளியில் தனியே கழிப்பறை செல்லும் குழந்தை வீட்டில் செல்லாமைக்குப் படியின் உயரமோ எட்டாத தாழ்ப்பாளோ காரணமாகலாம். அம்முரணே மதிப்பீட்டின் பயன்மிகு செய்தியாகும்.

எனவே கூறுகளைத் தெரிவு செய்தல், அவற்றை வீட்டு வழக்கில் சொல்லமைத்தல், கற்பித்தலில் முன்னுரிமை வகுத்தல் ஆகிய மூன்றிலும் பெற்றோர் பங்குபெறல் வேண்டும். இப்பொறுப்பு தாய்மார்மீது மட்டும் சுமத்தப்படலாகாது. கூலியை இழந்து வருவோரின் நேரமும் கருதப்பட வேண்டும். படிவத்தில் இடம்பெறாத செயல் கற்பித்தலின் இலக்காவது அரிது. ஆதலின் படிவத்தை ஆக்குவோர் யார் என்னும் வினா, குழந்தை எதைக் கற்கும் என்னும் வினாவே ஆகும்.