திருத்திய மதிப்பீடு மறைக்கும் கணக்கு

திட்டத்தின் செலவும் காலமும் கைமீறும்போது முதல் மதிப்பீட்டை ஓரம் வைத்துவிட்டு, புதிய தொகைக்கும் புதிய தேதிக்கும் அனுமதி வாங்கி, அங்கிருந்து கணக்கைத் தொடங்குவது இந்தியப் பொதுப்பணிகளில் வேரூன்றிவிட்ட வழக்கம். திருத்திய மதிப்பீடு என்பது அதன் அலுவலகப் பெயர். கொச்சி வாட்டர் மெட்ரோ மற்ற நகரங்களுக்கு முன்மாதிரி என்ற பேச்சு வலுத்துவரும் நேரம் இது. படகுகளோடு சேர்த்து இந்த வழக்கத்தையும் யாரும் நகலெடுத்துவிடக் கூடாது.

அந்தத் திட்டம் 2016இல் 747 கோடி ரூபாய்த் திட்டமாக அறிவிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் ஹைகோர்ட் முனையத்திலிருந்து வைப்பினுக்கு முதல் படகு புறப்பட்டபோது அதன் மதிப்பு 1,136.83 கோடி. திட்டத்தில் உள்ளவை 38 முனையங்கள், 78 படகுகள். மட்டாஞ்சேரியில் டச்சு அரண்மனையை ஒட்டிய முனையம் 2025 அக்டோபரில்தான் திறந்தது. அதையும் வில்லிங்டன் தீவு முனையத்தையும் சேர்த்து அப்போது திறந்திருந்தவை 12.

திருத்தத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. காயலில் சேறு படியும், நிலம் கைக்கு வரத் தாமதமாகும், யூரோவில் வாங்கிய ஜெர்மானியக் கடனின் ரூபாய் மதிப்பு ஏறி இறங்கும். நடக்காது என்று தெரிந்துவிட்ட தேதியைக் கட்டிக்கொண்டு தளப் பொறியாளர் வேலை வாங்க முடியாது. முடிந்த தடத்தை முதலில் திறந்துவிடுவதும் நல்லதே. தீவு மக்களுக்குக் குளிரூட்டிய மின்படகு அத்தனை சீக்கிரம் கிடைத்தது.

குறை இருக்கும் இடம் வேறு. திருத்திய தேதி வந்ததும் பழைய தேதி கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டு: 100 கோடியில் 36 மாதத்தில் முடிய வேண்டிய வேலை. 30ஆம் மாத முடிவில் 80 கோடி மதிப்புள்ள வேலை முடிந்திருக்க வேண்டும். முடிந்தது 50 கோடிக்கு. அதற்குச் செலவானது 60 கோடி. செலவுக் குறியீடு 50ஐ 60ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.83. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 120 கோடி. காலக் குறியீடு 0.63க்கும் சற்றுக் கீழே. நிலைமை மோசம் என்பதை இரண்டு எண்களும் தெளிவாகவே சொல்கின்றன. அடுத்த வாரம் 120 கோடிக்கும் 54 மாதத்துக்கும் அனுமதி வருகிறது. தளத்தில் ஒரு செங்கல்கூடக் கூடுதலாக ஏறவில்லை. ஆனால் வேலை காலத்துக்குள்ளும் செலவுக்குள்ளும் வந்துவிடுகிறது.

திருத்தமே செய்யாவிட்டாலும் காலக் குறியீட்டுக்குள் ஓர் ஓட்டை உண்டு. முடிந்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்ட வேலையின் மதிப்பால் வகுப்பதால், எத்தனை ஆண்டு தாமதித்து முடிந்தாலும் கடைசி நாளில் அது 1 என்றே காட்டும். முதல் தேதியைத் தனியாகக் குறித்து வைக்காதவரை, முடிந்துபோன திட்டத்தின் தாமதத்துக்கு இந்தக் குறியீட்டில் சாட்சியே இல்லை. திருத்திய மதிப்பீடு அந்த ஒற்றைக் குறிப்பையும் துடைத்துவிடுகிறது.

150 கோடிக்கு மேற்பட்ட மத்தியத் திட்டங்களைக் கண்காணித்த புள்ளியியல் அமைச்சகத்தின் அறிக்கைகளில் பல ஆண்டுகளாக ஒரே பொருளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது: கடைசியாகத் திருத்திய தேதியை வைத்துக் கணக்கிட்டால் தாமதத் திட்டங்களின் விகிதம் குறைந்துவிடும். அதே திட்டங்கள், அதே தூண்கள். அளவுகோல் மட்டும் நகர்ந்திருக்கிறது. ஆனாலும் அந்த அறிக்கை முதல் தேதியையும் பக்கத்திலேயே வைத்திருந்தது. மாநில, நகரத் திட்டங்களின் திறப்புவிழாப் பலகைகளில் அதுவும் இருப்பதில்லை. பொதுமக்கள் கையில் மிஞ்சும் ஒரே அளவுகோல் அந்த முதல் தேதிதான். அதை இழந்தபின் அவர்கள் கேள்வி கேட்க எதுவும் இல்லை. ‘நிலைமை மாறியது’ என்ற பதில் எல்லாத் தாமதத்துக்கும் பொருந்திவிடுவதால், தவிர்த்திருக்கக்கூடிய தாமதத்தையும் தவிர்க்க முடியாததையும் அது ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது.

இ. ஸ்ரீதரன் கொங்கன் ரயில் பாதையிலும் டெல்லி மெட்ரோவிலும் வேலைத்தளங்களில் வைத்த பின்னோக்கி ஓடும் கடிகாரம் இதற்கு நேர் எதிரானது. மீதி நாட்கள் தொழிலாளி முதல் தலைமைப் பொறியாளர்வரை எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருக்கும். கொங்கன் பாதை தன் முதல் தேதியில் முடியவில்லை. 1998 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தது. எந்தத் தேதி தவறியது என்பது மட்டும் எவருக்கும் மறக்கவில்லை.

திருத்திய மதிப்பீட்டில் ஏறாத இன்னொரு செலவும் உண்டு. மட்டாஞ்சேரிக்கு நேர் எதிரே, கால்வாய்க்கு அக்கரையில் இருப்பது வில்லிங்டன் தீவு. படகு இல்லாத ஆண்டுகளில் பஜார் ரோட்டு மசாலாக் கிடங்குகளில் வேலை செய்பவரும் எறணாகுளத்தில் படிப்பவரும் தோப்பும்படியைச் சுற்றி, வெண்டுருத்திப் பாலம் தாண்டிப் பேருந்தில் போனார்கள். ஒவ்வொரு நாளும் போன அந்த நேரமும் பேருந்துக் கட்டணமும் 747 கோடியிலும் சேரவில்லை, 1,136.83 கோடியிலும் சேரவில்லை.